டெலிபோன் மேசைக்குக் கீழே ஒரு மேடு

தரையில் இருக்கும் ஒரு மேட்டுக்கு எத்தனை காரணம் சொல்லலாம் என்று யாராவது கேட்டால், என்னிடம் ஒரு பட்டியலே உண்டு. கட்டடம் இறங்குகிறது என்று சொல்லியிருக்கிறேன். மழைக்காலத்தில் மரம் ஊதத்தான் செய்யும் என்று சொல்லியிருக்கிறேன். பக்கத்தில் ரயில் ஓடுகிற அதிர்வில் பலகை நகர்ந்துவிட்டது என்றும் ஒருமுறை சொன்னேன். ஒரு காவலாளியிடம் வாய் தவறி, மரத்து வேர் என்றுகூடச் சொல்லிவிட்டேன். அந்த மேடு இருந்த அலுவலகமோ இரண்டாவது மாடியில். அவர் மேலேயும் கீழேயும் பார்த்துவிட்டு, சரி என்று போய்விட்டார்.

உண்மையான காரணம் நான். அந்த மேட்டை உண்டாக்கியது என் இரண்டு கைகளும் ஒரு பிளாஸ்டிக் வாளியும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தப் பழமொழியில் வருகிறவளுக்காவது கூடம் முதலிலேயே இருந்தது. நான் கூடத்தையே கோணலாக்கிவிட்டு அப்புறம் குறை சொன்னேன்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. அதற்கு முன் நான் கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கோடவுனில் கணக்கெழுதும் ஸ்டோர் கிராணியாக இருந்தேன். லோரி வந்தால் சாமான் எண்ண வேண்டும், லோரி போனால் மறுபடி எண்ண வேண்டும். தகரக் கூரை, சிமெண்டுப் புழுதி, முதுகில் உப்புப் பூத்த சட்டை. ஒருநாள் ஏதோ கையெழுத்துக்காக மேல் அலுவலகத்துக்குப் போனபோது, ஒருவர் ஒரு மெஷினைப் பிடித்துக்கொண்டு கார்ப்பெட்டில் ஷாம்பு போட்டுக்கொண்டிருந்தார். அறை குளுகுளுவென்று இருந்தது. மெஷின் தானாகச் சுற்றியது. அவர் சும்மா அதன் கைப்பிடியைத் தொட்டுக்கொண்டு நடந்ததுபோல் எனக்குப் பட்டது. இதுதான் தொழில் என்று அங்கேயே முடிவு செய்தேன். நான் முதலாளி ஆனதற்கு லட்சியம் எதுவும் காரணமில்லை. ஏர்கான்தான் காரணம்.

யாரோ கழித்துப்போட்ட ஷாம்பு மெஷின் ஒன்றையும், கதவைக் கயிறு போட்டுக் கட்ட வேண்டிய ஒரு பழைய வேனையும் வாங்கினேன். ஷாம்பு போட்ட பிறகு ஈரத்தை உறிஞ்ச இன்னொரு மெஷின் வேண்டும். அதை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். ஆனால் பிசினஸ் கார்டு அடிப்பதை மட்டும் தள்ளிப்போடவில்லை. அதில் என் பெயருக்குக் கீழே 'மேனேஜிங் டைரக்டர்' என்று போட்டிருந்தது. வேலைக்கு வேறு ஆள் யாரும் கிடையாது என்பதால் பியூனும் நானேதான், அதைக் கார்டில் போடவில்லை.

நாங்கள் அப்போது பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் குடியிருந்தோம். என் மனைவி அங்கிருந்து நடக்கும் தூரத்தில், கப்பலில் சரக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆப்பரேட்டர். தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஹாம்பர்க்கையும் பினாங்கையும் பண்டமாரானையும் ஒரே நேரத்தில் காத்திருக்க வைத்துப் பேசுவாள். ஊருக்கெல்லாம் லைன் கொடுக்கிறவள் வீட்டில் போன் கிடையாது. அவசரத்துக்குக் கீழே பூக்கடையில் இருக்கும் போன்தான்.

இரண்டு வருடமாக அவள் தற்காலிக ஊழியர். நிரந்தரமாக்குகிற கடிதம் அந்த மாதக் கடைசியில் வரும் என்று பேச்சு. அது வந்தால்தான் மருத்துவ விடுப்பு, சம்பளத்தோடு பேறுகால விடுப்பு எல்லாம். எங்களுக்குக் கல்யாணமாகி நாலு வருடம் ஆகியிருந்தது. குழந்தை என்ற பேச்சை ஒவ்வொரு முறையும் அந்தக் கடிதத்தின் மேல் தூக்கிவைத்துவிட்டுத் தூங்கப் போவோம்.

அப்படிப்பட்ட நேரத்தில் அந்த அலுவலகக் கார்ப்பெட்டைச் சுத்தம் செய்ய ஆள் தேடினார்கள். நிர்வாக மேலாளர் ஒரு சீன அம்மாள். எல்லோருக்கும் அவர் மேடம். அவரிடம் என் மனைவி போய், "என் வீட்டுக்காரர் இந்த வேலைதான் செய்றார்" என்று சொல்லிவிட்டாள். மேடம் மலாயும் ஆங்கிலமும் கலந்து, கடைசியில் வழக்கமான ஒரு 'லா'வும் சேர்த்துச் சொன்னதன் சாரம் இது: "உன் ஆளா? அப்ப உன் பொறுப்புலா."

அன்று சாயங்காலம் அவள் எனக்குத் தோசை வைத்துக்கொண்டே இதைச் சொன்னாள்.

"பாத்து செய்ங்க. மாசக் கடைசியில லெட்டர் வருது."

"நான் என்ன பச்சப்புள்ளையா?"

"இன்னொண்ணு. அந்தத் தரை சிமெண்டு இல்ல. டெலிபோன் வயர் ஓடறதுக்காகத் தூக்கி வச்ச பலகை. டெலிபோன்காரன் ஒரு தடவ தொறந்தப்ப பாத்தேன். நல்ல பலகைகூட இல்ல, மரத்தூளப் பசை போட்டு அழுத்துனது. தே தண்ணியில போட்ட பிஸ்கட்டு மாதிரி ஊதிரும். தண்ணி மட்டும் ஜாஸ்தி வேணாங்க."

"தண்ணி ஊத்தாம, எச்சி தொட்டா கார்ப்பெட் கழுவுறது?" என்றேன். நல்ல ஜோக் என்று நினைத்து நானே சிரித்தேன். அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள்.

எங்கள் வீடுகளில் சுத்தம் என்றால் தண்ணீர். வெள்ளிக்கிழமை என்றால் வாளி வாளியாக ஊற்றி, துடைப்பத்தால் தள்ளி, வாசல் வழியாகச் சாக்கடை வரைக்கும் வழித்துவிட வேண்டும். தண்ணீர் ஓடவில்லை என்றால் கழுவினதாகக் கணக்கில்லை. பண்டமாரானில் நான் வளர்ந்த வீட்டின் சிமெண்டுத் தரை இந்த உபசாரத்தையெல்லாம் தாங்கியது. உலகத்தில் எல்லாத் தரையும் அப்படித்தான் இருக்கும் என்று முப்பத்திரண்டு வயதிலும் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் ஆயுதபூஜை சனிக்கிழமையும் விஜயதசமி ஞாயிற்றுக்கிழமையும் வந்தன. புதுத் தொழிலை விஜயதசமியில் தொடங்காமல் வேறு எப்போது தொடங்குவது? அலுவலகமும் ஞாயிறன்று பூட்டியிருக்கும். கிரகங்களும் மேடமும் ஒரே நாளைக் குறித்துக் கொடுத்ததில் எனக்குக் கர்வம் தலைக்கேறிவிட்டது.

சனிக்கிழமை மெஷினைக் கூடத்தின் நடுவில் வைத்துப் பூஜை போட்டோம். ஊதுவத்தி, பொரி, அவல், சுண்டல், கீழே பூக்கடையில் கட்டி வாங்கிய சாமந்தி மாலை. கைப்பிடியில் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டாள் மனைவி. எனக்கு அது போதவில்லை. உழைக்கப் போவது கைப்பிடியா? பிரஷ்தானே? மெஷினைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். பிரஷ் நம் வீட்டு அண்டா மூடி அளவுக்கு வட்டமாக இருந்தது. கிண்ணத்தில் சந்தனம் தீர்ந்துபோயிருந்ததால் மஞ்சள்தூளைத் தாராளமாகக் குழைத்து, முள்முள்ளாக நின்ற நைலான் மயிர்களுக்கு நடுவே திட்டுத்திட்டாக அப்பினேன். அதன் மேல் குங்குமம்.

"மேல வச்சதே போதாதா?" என்றாள்.

"ஒரு தொழில் செய்றவனுக்குத்தான் அதோட அருமை தெரியும்" என்றேன். அதுவரை நான் அந்த மெஷினால் ஒரு கால்மிதியைக்கூடக் கழுவியதில்லை.

மறுநாள் காலை காவலாளி கதவைத் திறந்துவிட்டார். உள்ளே போனதும் முதல் ஏமாற்றம். வார இறுதியில் கட்டடம் முழுக்க ஏர்கானை அடைத்துவிடுவார்களாம். சனிக்கிழமை மதியம் நிறுத்தினால் திங்கட்கிழமை காலைதான். ஜன்னலெல்லாம் திறக்க முடியாத கண்ணாடி. எந்தக் குளிருக்காகத் துறைமுக வேலையை விட்டேனோ, அந்தக் குளிர் என்னை வரவேற்க அங்கே இல்லை. அறை இட்லிக் கொப்பரைபோல் இருந்தது.

கார்ப்பெட் வெளிர் சாம்பல் நிறம். நல்ல காரியத்தை ஈசானி மூலையில் தொடங்க வேண்டும் என்று திசை பார்த்தேன். ஈசானி மூலையில் வரவேற்பு மேசை இருந்தது. அதாவது என் மனைவியின் டெலிபோன் மேசை. அவள் நாற்காலியை நகர்த்தி வைத்துவிட்டு, ஷாம்புவை ஊற்றி, பிள்ளையாரை வேண்டி, சுவிட்சைப் போட்டேன்.

மெஷின் என்னை இழுத்துக்கொண்டு ஓடியது. கோடவுன் மேல் அலுவலகத்தில் அந்த மனிதர் சும்மா நடக்கவில்லை, மல்லுக்கட்டிக்கொண்டு நடந்திருக்கிறார் என்பது அப்போதுதான் புரிந்தது. ஒரு வழியாக அடக்கி நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தேன். நுரை சிவப்பாக இருந்தது.

முதலில் ஏதோ அடிபட்டு ரத்தம் வருகிறது என்று என் கால்களைத்தான் பார்த்தேன். காலில் ஒன்றுமில்லை. கார்ப்பெட்டில் வட்டம் வட்டமாக, ஒன்றின்மேல் ஒன்றாக, செக்கச்செவேல் என்று பூத்திருந்தது. மெஷினைக் கவிழ்த்தேன். நேற்று அப்பிய மஞ்சளில் பாதி பிரஷில் இல்லை. அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. மஞ்சளில் சுண்ணாம்பைக் கலந்தால் சிவக்கும். கல்யாணத்துக்குக் கல்யாணம் தட்டில் கரைத்துச் சுற்றுகிறோமே, அதேதான். ஷாம்புவில் சுண்ணாம்பு மாதிரி ஏதோ காரம் இருந்திருக்கிறது. கப்பல் கம்பெனியின் வரவேற்பறையில், மாப்பிள்ளையும் இல்லாமல் பெண்ணும் இல்லாமல், நான் தன்னந்தனியாக ஆரத்தி கரைத்துக்கொண்டிருந்தேன்.

மேடத்தின் முகம் நினைவில் வரவில்லை. அந்தக் கடிதம்தான் வந்தது. கண்ணால் பார்த்திராத ஒரு வெள்ளைத் தாள், அதன் மேல் இந்தச் சிவப்பு.

அவள் மேசையிலிருந்த போனை எனக்கு இயக்கத் தெரியாது, ஆனால் கீழே இறங்கிப் போய் மனைவியைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். பொது போனிலிருந்து எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கும் பூக்கடைக்குப் பேசினால் ஒரு நிமிடத்தில் அவளை அழைத்து வந்திருப்பார்கள். ஆனால் மேனேஜிங் டைரக்டர் மனைவியிடம் வழி கேட்பதா? வேன் சக்கரத்தில் நசுக்க வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துவந்து பல்லால் கடித்துப் பிழிந்தேன். சாறு பட்ட இடம் சிவப்பு மாறி மஞ்சளானது. ஒரே ஒரு விநாடி நான் விஞ்ஞானி. அப்புறம் பார்த்தால் மஞ்சள் கறை. சிவப்பைவிட அது கொஞ்சம் பரவாயில்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு செய்ததுதான் செய்யக் கூடாதது. என் ரத்தத்தில் இருந்ததைச் செய்தேன். கழிவறைக் குழாயில் வாளியைப் பிடித்து, கொண்டுவந்து, ஊற்றினேன். கொஞ்சம் வெளுத்தது. மறுபடி ஊற்றினேன். தண்ணீர் எங்கே போகிறது என்று நான் யோசிக்கவே இல்லை. சாக்கடைக்கு ஓடவில்லை, வாசலுக்கும் ஓடவில்லை, ஊற்ற ஊற்றக் காணாமல் போனது. கார்ப்பெட் நன்றாகக் குடிக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். குடித்தது கார்ப்பெட் இல்லை, அதன் கீழே இருந்த பிஸ்கட் என்பது எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. தோசையோடு சேர்த்துச் சொல்லப்பட்டிருந்தது.

எட்டாவது வாளிக்குப் பிறகு எண்ணவில்லை. உறிஞ்சும் மெஷினைத்தான் அப்புறம் வாங்கலாம் என்று விட்டிருந்தேனே. துண்டு, பழைய சட்டை, என் வேட்டி என்று எல்லாவற்றையும் போட்டு ஒற்றினேன். மண்டியிட்டு முழங்காலை அழுத்தினால் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டு மேலே வந்தது. மத்தியானம் தாண்டியும் ஒற்றிக்கொண்டிருந்தேன். கடைசியில் உள்ளங்கையை மேலே வைத்துப் பார்த்தேன். பெரிய ஈரமில்லை. காய்ந்துவிட்டது என்று எனக்கு நானே சர்ட்டிபிகேட் கொடுத்துக்கொண்டு, நாற்காலியை இழுத்து அதன் இடத்தில் போட்டேன்.

வீட்டில் அவள் வாசலிலேயே கேட்டாள்.

"எப்படிப் போச்சு?"

"பஸ்ட் கிளாஸ். ஒரு இடத்துல லேசா மஞ்சள் பட்டிருச்சு. பூஜை பண்ண மஞ்சள். தொடைச்சிட்டேன்."

"தண்ணி?"

"கொஞ்சம்தான்."

"காஞ்சிருச்சா?"

"காஞ்சிருச்சு."

என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். விரல் நுனியெல்லாம் ஊறி, வெளுத்து, சுருங்கிப் போயிருந்தது. நகக்கண்ணில் மஞ்சள். கையை விட்டுவிட்டுச் சாப்பாடு போடப் போனாள். சோப்பில் விரல் அப்படித்தான் ஆகும் என்று அவள் முதுகைப் பார்த்துச் சொன்னேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டதாக நினைத்து அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை அவள் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பிப் போனாள். கறையை மறைக்க என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் திரும்பி வந்துதான் சொன்னாள். காலையில் பூக்கடையில் மல்லிகை வாங்கி, மேசையிலேயே வைத்துவிட்டு வந்தாளாம். ஈரக் கார்ப்பெட் நாற்றத்துக்கு.

"ஜன்னல் திரையத் தூக்கி விட்டுருக்கேன்" என்றாள். "மஞ்சக் கறைக்கு வெயில்தான் மருந்து. சேலையில பட்டா கொடியில போடுவேன்ல, பாத்ததில்ல? ரெண்டு வாரத்துல போயிரும். என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

"மேடம் என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல."

சொன்னபடியே ஆனது. கண்ணாடி வழியாக விழுந்த வெயில் இரண்டே வாரத்தில் அந்த மஞ்சளைத் தின்றுவிட்டது. நான் ஒரு துளி தண்ணீர் ஊற்றாமல் சும்மா வீட்டுக்கு வந்திருந்தாலும் அது போயிருக்கும். கறை எந்தத் தடயமும் இல்லாமல் போனது. கறையைப் போக்க ஊற்றிய தண்ணீர்தான் போகவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். நான் குரங்கைப் பிடித்து அதன் மேல் என் மனைவியை உட்கார வைத்திருந்தேன்.

ஏனென்றால் அந்த வாரமே தரை தூக்க ஆரம்பித்துவிட்டது. முதலில் விரல் தடிமன். அப்புறம் சப்பாத்திக் கட்டை அளவு. டெலிபோன் மேசைக்குக் கீழே, சரியாக அவள் நாற்காலி நிற்கும் இடத்தில், கார்ப்பெட்டைத் தள்ளிக்கொண்டு ஒரு முதுகு எழுந்தது. அந்தப் பலகை ஒருமுறை ஊதினால் ஊதினதுதான், காய்ந்தாலும் பழைய உருவத்துக்குத் திரும்பாது. அவள் நாற்காலிக்குக் கீழே சக்கரங்கள். உட்கார்ந்தால் வலது பக்கமாக நழுவிக்கொண்டு போகும். அவள் இடது காலைத் தரையில் ஊன்றிப் பிடித்துக்கொண்டு பேசுவாள்.

யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று நான் காரணங்களைத் தயாரித்துக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை. சாயங்காலம் அவளைக் கூட்டிவரப் போகும்போதெல்லாம், கேட்காதவர்களிடம் நானாகப் போய்ச் சொன்னேன்.

மாதக் கடைசி வந்தது, கடிதம் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. நான் கம்பெனியை வாய்க்கு வந்தபடி ஏசினேன். ரத்தத்தை உறிஞ்சுகிறார்கள் என்றேன். அதோடு விட்டேனா? அவளையும் பிடித்துக்கொண்டேன்.

"ஊருக்கெல்லாம் பேசுற வாய், உனக்குன்னு ஒண்ணு கேக்க வராதா? நேரா மேடம் ரூமுக்குப் போ. என்ன ஆச்சுன்னு கேளு. பயந்தாங்கொள்ளியா இருந்தா இப்படித்தான்."

"வரும்போது வரட்டுங்க" என்றாள்.

ஆறு மாதம் கழித்து வந்தது. நான் சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்து, "பாத்தியா, நான் கத்துனதுனாலதான் நீ போய்க் கேட்ட" என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். அதற்கு அடுத்த வருடம் எங்கள் மகள் பிறந்தாள்.

ஆச்சரியம் என்னவென்றால், அந்த அலுவலகம் என்னை விடவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே கார்ப்பெட்டுக்கு என்னைத்தான் கூப்பிட்டார்கள். என் வேலையின் தரம் அப்படி என்று நினைத்துக்கொண்டேன். உறிஞ்சும் மெஷின் வாங்கினேன். மெல்ல மெல்லத் தொழிலும் பிடிபட்டது. முதலில் தூசியை நன்றாக உறிஞ்சிவிட வேண்டும், பாதி அழுக்கு அதிலேயே போய்விடும். பிறகு நுரையை மட்டும், முகத்துக்குச் சவரக் களிம்பு பூசுகிற மாதிரி மேலோடு தடவ வேண்டும், தண்ணீர் நூலின் அடிவரை இறங்கக் கூடாது. கறைக்குத் துணியை நனைத்துப் பிழிந்து, பிழிந்ததை மறுபடி பிழிந்து ஒற்ற வேண்டும். காற்றாடி வைக்க வேண்டும், ஏர்கானை ஓடவிடச் சொல்லிக் கெஞ்ச வேண்டும். பூச்சோங், ஷா ஆலாம் என்று எங்கு போனாலும் முதல் வேலையாக ஒரு மூலையைத் தூக்கிக் கீழே என்ன இருக்கிறது என்று பார்ப்பேன். கார்ப்பெட்டைவிட அதற்குக் கீழே இருப்பதுதான் எனக்குப் பயம்.

அந்த அலுவலகத்தில் மட்டும் எனக்கு ஒரு விசேஷச் சலுகை உண்டு. ஞாயிற்றுக்கிழமை நான் வேலைக்குப் போனால், பின்னாலேயே அவள் அடுக்குச் சட்டியில் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். வந்தால் போக மாட்டாள். தன் நாற்காலியில், இடது காலை ஊன்றிக்கொண்டு, ஒரு பத்திரிகையை விரித்து வைத்து, வேலை முடியும்வரை உட்கார்ந்திருப்பாள். மகள் பிறந்த பிறகு அவளையும் தூக்கிக்கொண்டு வருவாள். வேறு எந்த இடத்துக்கும் இப்படி வந்ததில்லை. இந்த இடத்தின் மேல் நம் இரண்டு பேருக்குமே ஒரு பிரியம் என்று நான் உருகிப் போவேன். மெஷின் ஓட்டுகிற கணவனைப் பார்த்துக்கொண்டிருப்பதில் ஒரு பெண்ணுக்கு ஆசை இருக்காதா?

இன்னொன்றும் நடந்தது. அவள் செருப்பில் இடது கால் மட்டும் சீக்கிரம் தேய்ந்தது. மூன்று மாதத்தில் குதிகால் போய்விடும், வலது புதுசாகவே இருக்கும். இப்படி நாலு ஜோடி ஆனதும், நான் தேய்ந்த செருப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்கே போய்விட்டேன். "என்னா பாஸ், ஜோடியில ஒண்ணு மட்டும் மட்ட ரகமா போட்டு விக்கிறீங்களா?" என்று கடைக்காரரிடம் சத்தம் போட்டேன். அவர் இரண்டையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒரே ரப்பர்தாண்ணே. அக்கா நடையில ஏதோ கோளாறு" என்றார். அவள் நடையைக் குறை சொல்கிறாயா என்று அதற்கும் சண்டை. வீட்டுக்கு வந்து வீரமாக இதைச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "பாவம் அந்த ஆளு" என்றாள்.

பன்னிரண்டு வருடம் இப்படிப் போனது. தொண்ணூறுகளின் பின்பாதியில் கம்பெனி ஷா ஆலாமுக்கு இடம் மாறியது. புது அலுவலகத்தில் டெலிபோனைத் தானாகப் பேசும் ஒரு குரல் எடுக்கும், எண்ணை அழுத்தினால் லைன் கிடைக்கும். மனைவி வேலையை விட்டு நின்றுகொள்வதாக எழுதிக் கொடுத்தாள். கடைசி நாள் சாமான்களை ஏற்றிக்கொண்டு வர நான் வேனோடு போனேன்.

அவளுக்குக் கேக் வெட்டி, தே தண்ணீர் கொடுத்து, பேசி முடித்திருந்தார்கள். அவள் உள்ளே ஒவ்வொரு மேசையாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தாள். வரவேற்பறையில் ஆட்கள் ஏற்கெனவே கார்ப்பெட்டைக் கிழித்துச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். டெலிபோன் மேசையை நகர்த்தி, அந்த இடத்தையும் உரித்தார்கள். கீழே பலகை கறுத்து, ஊதி, வெடித்துக் கிடந்தது. காலால் தொட்டால் உதிர்ந்தது. பக்கத்தில் மேடம் வந்து நின்றார். தலை நரைத்திருந்தது. பன்னிரண்டு வருடப் பழக்கம் என் நாக்கை விடவில்லை.

"பழைய கட்டடம் மேடம். ஒரு பக்கம் இறங்கிருச்சு" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"இன்னும் அதையே சொல்றியா? உன் மனைவி எங்கிட்ட முதல் நாளே சொல்லிட்டாள்லா."

எனக்குப் புரியவில்லை. அவர் நிதானமாகச் சொன்னார். அந்தத் திங்கட்கிழமை காலை, அவர் கைப்பையைக்கூட மேசையில் வைக்கவில்லை, அதற்குள் என் மனைவி அறைக்குள் வந்து நின்றாளாம். என் கணவர் தண்ணீர் அதிகம் ஊற்றிவிட்டார், தரை தூக்கும், நான்தான் பொறுப்பு என்று சொல்லியிருக்கிறாள். உடைத்துச் சரிசெய்வதென்றால் வயரையெல்லாம் எடுக்க வேண்டும், மூன்று நாள் போன் நின்றுபோகும். அது கம்பெனிக்கு ஆகாது. அதற்கும் அவளே வழி சொல்லியிருக்கிறாள். மேடு வந்தால் என் நாற்காலிக்குக் கீழேதான் வரும், வேறு யாருக்கும் இடைஞ்சல் இல்லை, நான் உட்கார்ந்துகொள்கிறேன் என்றாளாம்.

"அவரைக் கூப்பிட்டுத் திட்டாதீங்கன்னு சொன்னா. அடுத்த தடவையும் அவருக்கே வேலை கொடுங்க, இனிமே ஒரு சொட்டு அதிகமா ஊத்தமாட்டார், நான் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிறேன்னு சொன்னா. நான் சும்மா விட முடியாதில்ல? கன்பர்மேஷன் லெட்டரை ஆறு மாசம் தள்ளிப் போட்டேன். சரின்னு கையெழுத்துப் போட்டுட்டுப் போய் ஹெட்போனை மாட்டிக்கிட்டா."

மேடம் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். நான் அங்கேயே நின்றேன். வெட்கமாக இருந்தது. வெட்கம் என்ற சொல் போதவில்லை, அந்தப் பலகைக்குக் கீழே என்னையும் போட்டு மூடிவிட்டால் தேவலை என்று இருந்தது. ஊரெல்லாம் நான் சொன்ன கட்டடமும் மழையும் ரயிலும் நினைவுக்கு வந்தன. அதையெல்லாம் நான் சொன்னபோது பெரும்பாலும் அவள் அங்கேதான், மூன்றடி தள்ளி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடுக்குச் சட்டிச் சாப்பாடு நினைவுக்கு வந்தது. அது பிரியம் என்று நினைத்திருந்தேன். காவல். இல்லை, பிரியமும்தான். எது எவ்வளவு என்று இன்றுவரை எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. எல்லாவற்றையும்விட, பயந்தாங்கொள்ளி என்று நான் அவளைச் சொன்னது நினைவுக்கு வந்தது.

வேனில் வரும்போது சாலையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க எங்கிட்ட காஞ்சிருச்சுன்னு சொன்னீங்க" என்றாள். கொஞ்ச தூரம் போன பிறகு, "நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன். அப்புறம் பழகிப் போச்சு" என்றாள்.

சிக்னலில் பச்சை விழுந்தும் எடுக்காமல் நின்றேன். பின்னாலிருந்த லோரி ஹாரன் அடித்தது.

அதற்குப் பிறகு கிள்ளானில் வீடு வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். மொசைக் போட்ட தரை, வாளி வாளியாக ஊற்றினாலும் ஒன்றும் ஆகாது. வீட்டைத் துடைப்பது என் வேலை, துணியை மூன்று முறை பிழிந்துதான் போடுகிறேன். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அவள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மகளோடு போனில் பேசுவாள். நாலு காலும் அசையாத மர நாற்காலி, சக்கரம் கிடையாது. ஆனாலும் பேச ஆரம்பித்ததும் அவள் இடது கால் தரையில் ஊன்றி அழுத்திக்கொள்கிறது. இது எங்கேயும் நழுவாது, காலை எடு என்று ஒருமுறை சொன்னேன். எடுத்தாள். இரண்டு நிமிடம் கழித்துப் பார்த்தால், கால் மறுபடி அங்கேயே இருந்தது.